மண் பூசிய மூன்று துளைகள்

நாள் 640. காலை 7.20. தோட்டக் கூடம்.

வெப்பம் சரி. ஈரம் சரி. காற்று நூறு. நூறு என்றால் முழு அளவு. குப்பைக் கதவைத் திறந்தபோது தொண்ணூற்றெட்டுக்கு இறங்கி, மூடியதும் நூறுக்கு ஏறியது. கீழே குடியிருப்பின் காற்றும் என் பலகையில் தெரியும். தொண்ணூற்றொன்பது, நூறு, மறுபடி தொண்ணூற்றொன்பது. யாரோ கதவைத் திறந்து மூடுகிறார்கள். எண் ஆடினால் ஆள் நடமாட்டம் என்று அர்த்தம்.

எழுதுவது உலகம்மாள், தோட்டக்காரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தினமும் குறிப்பு எழுத வேண்டும், நாளைக்கு யார் எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும் என்று தலைவர் கோமதிநாயகம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுதுகிறேன். விளங்காவிட்டால் அது படிப்பவர் பாடு.

இது செவ்வாய்க் கிரகம். பெரிய பள்ளத்தின் விளிம்பில் நானும் தோட்டமும். பள்ளத்துக்குள், வண்டியில் அரை நாள் தொலைவில், குடியிருப்பு. அங்கிருந்து தலைவரும் டாக்டர் எமெல்டாவும் இன்னும் நாலு பேரும் பனி வெட்டப் போயிருக்கிறார்கள். மலைக்கு அந்தப்புறம் கம்பியில்லாப் பேச்சு எட்டாது. அவர்கள் திரும்பும்வரை குடியிருப்பில் என் மகன் சுயம்புவும் அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பமும்தான். அவளுக்கு மாதம் நெருங்குகிறது. இந்த மண்ணில் பிறக்கப்போகிற முதல் பிள்ளை. டாக்டர் அதற்குள் வந்துவிடுவாள்.

என்னை இங்கே கொண்டுவந்தது என் தேனீக்களுக்காக. கூட்டமாக இருக்கும் தேனீ இல்லை. ராணி கிடையாது, தேன் கிடையாது. ஒவ்வொன்றும் தனிக்கட்டை. ஊரில் இதையும் குளவி என்றே சொல்வார்கள். மண் பூசுகிறதெல்லாம் எங்களுக்குக் குளவிதான். பென்சில் நுழைகிற துளை கிடைத்தால் போதும். உள்ளே மகரந்தத்தை உருட்டி வைத்து, ஒரு முட்டையிட்டு, மண்ணால் தடுப்புக் கட்டும். அப்புறம் அடுத்த உருண்டை, அடுத்த முட்டை, அடுத்த தடுப்பு. கடைசியில் வாசலை அடைத்துப் பூசிவிட்டுப் போய்ச் செத்துவிடும். பிள்ளை முகத்தைத் தாய் பார்ப்பதில்லை. தாய் யாரென்று பிள்ளைக்கும் தெரியாது. ஆனால் கத்தரியும் பூசணியும் காய்ப்பது இவை வந்து உட்கார்ந்தால்தான்.

இறங்கிய அன்றைக்கு கோமதிநாயகம் இடக்கையில் தேநீரை வைத்துக்கொண்டு, நான் கேட்பது தெரிந்தே சொன்னார்: 'இந்தம்மா எடைக்கு ஒரு பம்பு கொண்டாந்திருக்கலாம்.' எனக்கு மறக்காது. தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று அவர் முகம் சுளித்ததும் மறக்காது.

நாள் 643. மாலை 5.05.

கூடு கட்டுவதற்கான கட்டுகள் புதிதாக ஆறு செய்தேன். மூங்கில் இல்லாததால் ஆமணக்குத் தண்டு. ஒரு முனையில் கணு அடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும். உள்புறம் சிலாம்பு இருந்தால் சிறகு கிழியும். துணி சுற்றிய கம்பியால் தேய்த்தேன். வாய்ப்பக்கம் மயிரிழை சாய்ந்திருக்க வேண்டும், நீர்த்துளி உள்ளே இறங்கக் கூடாது. காலை விளக்கின் பக்கம் முகம். பக்கத்தில் ஒரு தட்டில் குழைத்த மண்.

ஒரே குறை, இங்கே எல்லா மண்ணும் சிவப்பு. எங்கள் பக்கத்தில், மாசமாக இருப்பவள் வீட்டில் குளவி கரிசலில் கூடு கட்டினால் ஆண், செம்மண்ணில் கட்டினால் பெண் என்பார்கள். இங்கே பார்த்தால் பெண்ணாகத்தான் பிறந்து தள்ள வேண்டும்.

மாலைப் பேச்சில் தங்கபுஷ்பம்:

"அத்தை, காய்வண்டியில ஒரு கட்டு அனுப்புவியளா? சமையக்கட்டுல தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுது."

"பூச்சி வேண்டாம்னு சொன்னவதான ஏளா நீ?"

"அது அப்பம். இப்பம் கேக்கேன்."

அனுப்புகிறேன் என்றேன். காய்வண்டி வாரத்துக்கு ஒருமுறை ஆளில்லாமல் தானே வந்து தானே போகும்.

அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பூமியில் இருந்தபோது, அவளுடைய முதல் கர்ப்பத்தில், எங்கள் வீட்டுப் பூட்டுத் துளையில் குளவி கட்டியிருந்தது. கதவு பூட்ட முடியவில்லை என்று துடைப்பக் குச்சியால் குத்தி எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பச்சைப் புழு ஒன்று வாசற்படியில் விழுந்தது. அந்த மாதமே பிள்ளை தங்கவில்லை. நீதானே உடைத்தாய் என்று கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். நல்லது கெட்டதுக்கு எல்லாரும் கூடும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். இரண்டு பட்டம் வாங்கின பொறியாளர் அவள். ஆனாலும் அந்தப் பேச்சு வந்தால் தலை குனிவாள்.

குடியிருப்பிலிருந்து தினமும் மாலை ஆறுக்கு இயந்திரம் தானாக ஒரு செய்தி சொல்லும். அதற்குக் குரல் கொடுத்திருப்பது தங்கபுஷ்பம். 'குடியிருப்பு நலம். காற்று முழு அளவு.' பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. எனக்கு அந்தக் குரல் ஆகாது. இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

நாள் 655. மாலை 5.30.

தோட்டம் சரி. காற்று நூறு, தொண்ணூற்றொன்பது. குடியிருப்பும் அப்படியே.

இன்று பேச்சில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அத்தை! கூடு கட்டிட்டு! நீங்க அனுப்புன தண்டுல இல்ல, அடுப்புக்கு மேல செவுத்துல. காத்துமானி ஓட்டை மூணு வரிசையா இருக்குல்லா, அதுல ரெண்ட அடைச்சிட்டு. செக்கச்செவேல்னு பூசியிருக்கு பாருங்க, சாந்து வச்ச மாதிரி."

பின்னால் சுயம்புவின் சத்தம்: "ஏம்மா, நான் குத்தி எடுத்துருதேன்னா விடமாட்டேங்கா. அந்த ஓட்டை வழியாத்தான் மானி காத்தை அளக்கும். அது சொன்னாத்தான் மிஷின் காத்தைத் திறந்துவிடும்."

"மூணுல ஒண்ணு போதும்னு நீங்கதான நேத்து சொன்னிய? மூணாவது அலமாரிக்குப் பின்னால கெடக்கு. பூச்சி அங்கன போவாது. புள்ள பொறக்கட்டும், பொறவு எடுப்போம். அத்தை, நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன்: "லே சுயம்பு, மாசமா இருக்கவ வீட்டுல கூட்டத் தொடாத. ஒருக்கா பட்டது போதும்."

 அப்புறம் அவள், மெதுவாக: "தொடமாட்டோம் அத்தை."

வரிசையாகத் துளை இருந்தால் இந்தப் பூச்சிக்கு அடங்காது. ஒன்றை முடித்தால் பக்கத்துத் துளைக்குப் போகும். அது அதனுடைய குணம்.

நாள் 661. காலை 7.15.

தோட்டத்துக் காற்று தொண்ணூற்றொன்பது, நூறு. குடியிருப்பு நூறு. பூசணி ஏழு பிஞ்சு. பழைய கட்டில் நாலு தண்டுகளில் வாசல் திறந்திருக்கிறது, குஞ்சுகள் வெளியேறுகின்றன. காதை வைத்தால் உள்ளே மண்ணைக் கரம்பும், கொறிக்கும் சத்தம் கேட்கும். வாசலுக்குப் பக்கத்தில் ஆண், ஆழத்தில் பெண். ஆண்கள் முதலில் வந்து வெளியே காத்திருக்கும். உள்ளே இருப்பதை நாம் அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் சிறகு காயாமல் செத்துப்போகும். அது தானாகத் திறக்க வேண்டும்.

நாள் 666. மாலை 6.10.

குடியிருப்பு நூறு.

எழுதவே கை கூசுகிறது. சுயம்பு குடித்திருக்கிறான். எங்கிருந்து கிடைத்தது, தக்காளியை ஊறப்போட்டானா, தெரியாது. நாக்குக் குழறுகிறது. காரணமில்லாத சிரிப்பு.

"யம்மா... யம்மா, ஒண்ணு சொல்லட்டா? இங்கன சுவரு இருக்குல்லா, அது மூச்சு விடுது. ஹஹ். புஷ்பம் மதியத்துலேருந்து ஒறங்குதா. நானும்... என்னமோ சொல்ல வந்தேன்."

"குடிச்சிருக்கியால?"

"குடிக்கல யம்மா. தண்ணிதான். தலவலி. ஹஹ்ஹா. தலவலிக்குச் சிரிப்பு வருமா?"

இவன் அப்பனும் இப்படித்தான். சித்திரையில் கோயில் கொடை முடிந்த மூன்றாம் நாள், பச்சைச் சட்டையில், குடிக்கவில்லை என்று என் தலையிலேயே அடித்துச் சத்தியம் பண்ணினான். அதே குழறல், அதே சிரிப்பு. பொண்டாட்டி நிறைமாதம், வீட்டில் வேறு ஆள் இல்லை, இவன் குடிக்கிறான்.

பேச்சுப் பெட்டியை அணைத்துவிட்டேன். தெளியட்டும். தெளிந்தபிறகு அவன் கூப்பிட்டாலும் எடுக்கப் போவதில்லை.

நாள் 667. மாலை 6.00.

பெட்டியை அணைத்தாலும் இயந்திரச் செய்தி பலகை வழியாக வந்துவிடுகிறது. 'குடியிருப்பு நலம். காற்று முழு அளவு.' எண் நூறு.

நான் பேசவில்லை.

நாள் 668. காலை 8.40.

காய்வண்டி வந்தது. வர வேண்டிய நாள் இல்லை.

வழக்கமாகக் காலிக் கூடைகள் இருக்கும். இன்று ஒரு தலையணை. ஒற்றைச் செருப்பு, சுயம்புவுடையது. ஒரு பானை நிறையச் சோறு, மூடாமல், வழியில் கல்லாக உறைந்துபோய். சோற்றுக்குள் ஒரு கரண்டி நட்டு வைத்திருக்கிறது.

வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்தவன் செய்கிற வேலை இல்லை இது. அவன் அப்பனை இருபது வருஷம் பார்த்தவள் நான். குடித்தவன் பானையைத் தூக்கிச் சுவரில் அடிப்பான். சோறு வடித்து, கரண்டி போட்டு, தலையணையோடு வண்டியில் ஏற்றி அம்மாவுக்கு அனுப்பமாட்டான்.

காலை 8.55.

வண்டி வெளியே வர வேண்டுமானால் குடியிருப்பின் பெரிய கதவு திறந்திருக்க வேண்டும். பெரிய கதவு திறந்தால் எண் எண்பதுக்கு இறங்கி ஏறும். எப்போதும் அப்படித்தான்.

பலகையில் பழைய எண்களைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். நூறு. நூறு. நூறு. நாள் 658 மதியத்திலிருந்து மயிரிழைகூட ஆடவில்லை. ஆள் வாழ்கிற வீட்டில் எண் ஆடாமல் இருக்குமா.

மூன்றாவது துளையையும் அடைத்துவிட்டது. அடைத்த அன்று உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைத்தான் மானி இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறது. வெளியே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இயந்திரத்துக்கும் தெரியாது. தங்கபுஷ்பத்தின் குரலுக்கும் தெரியாது.

காற்றுக் குறைந்தால் நாக்குக் குழறும், சிரிப்பு வரும். அவன் குடிக்கவில்லை.

காலை 9.10.

பேச்சுப் பெட்டியைப் போட்டேன். கூப்பிட்டேன், கூப்பிட்டேன். கடைசியில் அவள்தான் எடுத்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"ஆரு?"

"நான்தான் ஏளா. சுயம்பு எங்க?"

"இங்கன இருக்காவ. சுவத்துகூடப் பேசிட்டு இருக்காவ. ஹிஹி. அத்தை, நீங்க கோவமா இருக்கியளாமே?"

"சிரிக்காத. நான் சொல்லுததக் கேளு. அந்த அலமாரியத் தள்ளு. மூணாவது ஓட்டையப் பாரு."

"ஒறக்கம் வருது அத்தை."

"ஏளா! எந்திரி! பாரு!"

சாமான் உருளும் சத்தம். வெகுநேரம். அப்புறம்:

"அழகா பூசியிருக்கு. இதுவும் செவப்பு. பொம்பளப் புள்ள."

"அத உடை."

விரலால் மண்ணைத் தடவுகிற சத்தம்.

"கேக்குதா? மூணையும் உடை. கரண்டிக் காம்பால குத்து."

"மாட்டேன்."

"உடைன்னு சொல்லுதேன்!"

"மாட்டேன் அத்தை. நீங்கதான சொன்னிய. நான் உடச்சதாலதான்னு. சித்தி வீட்டு வளைகாப்புல சொன்னிய. வண்டி ஏறும்போது சொன்னிய. இந்தத் தடவ நான் தொடமாட்டேன்."

  அவள் கொட்டாவி விட்டது கேட்டது. அது முடிவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அது உன்னால இல்ல, தாயி. பூச்சிக்கும் புள்ளைக்கும் ஒண்ணுங் கிடையாது. நான் வீம்புக்குச் சொன்னது. எம் மேல ஆணை. உடை."

"நெசமாவா?"

"நெசம்."

 அப்புறம் மண் உதிரும் சத்தம்.

காலை 9.24.

குடியிருப்பு: நாற்பத்தாறு.

அலறல் மணி பேச்சுப் பெட்டி வழியாக இங்கேவரை கேட்டது. இயந்திரம் விழித்துக்கொண்டு காற்றைத் திறந்துவிட்டது. நாற்பத்தொன்பது, ஐம்பத்துமூன்று, ஐம்பத்தெட்டு. சுயம்பு தெளிந்த குரலில் பேசினான். என் மகனின் குரல்.

"யம்மா, வடக்குச் சுவத்துல மூட்டுத் தையல் விட்டிருக்கு, காத்து வெளிய கசியுது. மானி சரியா இருந்தா அன்னைக்கே காட்டியிருக்கும். நான் பசை வச்சு ஒட்டப்போறேன். புஷ்பத்த, தனிக் காத்து இருக்க அவசர அறைக்குள்ள அனுப்பியாச்சு. நீ கவலப்படாத."

"லே, கவச உடுப்பைப் போட்டுக்கிட்டுப் போ."

"நேரமில்ல."

"போட்டுக்கிட்டுப் போலே!"

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறு. காற்று ஏறிய அழுத்தத்தில் தையல் இன்னும் பிளந்திருக்கும். ஓட்டைப் பானையில் ஊற்றுகிற கதை. சேமித்து வைத்த காற்றுத் தொட்டி காலியானதும் எண் கடகடவென்று இறங்கியது. முப்பது. பதினேழு.

அப்புறம் அவள் குரல். அவள் இல்லை, இயந்திரம். 'காற்று இல்லை. யாரும் உள்ளே வர வேண்டாம். காற்று இல்லை. யாரும் உள்ளே வர வேண்டாம்.'

காலை 10.05.

தோட்டத்திலிருந்த காற்று உருளைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். செடிகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். மண் தட்டில் தண்ணீர் சொட்டுகிறது. விளக்குகள் தானே எரிந்து தானே அணையும். புதுக் கட்டுகளைத் தொங்கவிட்டுவிட்டேன். இனி தேனீக்களுக்கு என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை.

கவச உடுப்புக்குள் பேசினால் பலகை எழுதிக்கொள்ளும். ஏறுகிறேன்.

பகல் 1.30. வழியில்.

வண்டிக்குள்ளும் அந்தக் குரல் வருகிறது. யாரும் உள்ளே வர வேண்டாம் என்கிறது. நீ யாருளா எனக்குச் சொல்ல.

தலையணையை மடியில் வைத்திருக்கிறேன். சோற்றுப் பானை காலடியில். அவனுக்கு மூளை மங்கின நேரத்திலும் அம்மா சாப்பிட்டாளா என்று தோன்றியிருக்கிறது.

பிற்பகல் 3.15. குடியிருப்பு.

உள்ளே வந்துவிட்டேன். விளக்கு எரிகிறது. காற்று இல்லாததால் சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்கிறது. அந்தக் குரல் உடுப்புக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினேன். நிறுத்தின பிறகு, நிறுத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அடுப்புக்கு மேல் மூன்று துளைகள். மூன்றும் திறந்திருக்கின்றன. அடியில் சிவப்பு மண், நொறுங்கிய மகரந்தம். தரையில் தேனீக்கள். ஒன்றுகூட அசையவில்லை.

சுயம்பு வடக்குச் சுவரின் அடியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் பசை. தையலில் முக்கால்வாசி ஒட்டிவிட்டான். உடுப்புப் போடவில்லை. ஒற்றைச் செருப்பு. கொண்டுவந்த செருப்பை மற்றக் காலில் மாட்டிவிட்டேன்.

பெட்டியை அணைத்தவள் நான். ரெண்டு நாள். இதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பிற்பகல் 3.40.

அவசர அறையின் கதவைச் சுற்றிலும் மண்.

உள்பக்கமிருந்து பூசியிருக்கிறாள். கதவின் ரப்பர் வெடித்திருந்திருக்கும். தேனீக்கு வைத்திருந்த மண் தட்டை உள்ளே கொண்டுபோய், இடுக்கெல்லாம் விரலால் அழுத்தி அடைத்திருக்கிறாள். வெளியே பிதுங்கி வந்த மண் காய்ந்து கிடக்கிறது. கதவில் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் உள்பக்கம் ஈரம். வேர்த்து வழிகிறது.

மூச்சு இருந்தால்தான் வேர்க்கும்.

தலைக்கவசத்தைக் கதவில் ஒட்டி வைத்து, கையால் மூன்று தட்டுத் தட்டினேன். காற்று இல்லாவிட்டாலும் இரும்பு சத்தத்தைக் கடத்தும். காத்திருந்தேன். மூன்று தட்டு திரும்பி வந்தது.

அப்புறம் இன்னொரு சத்தம். தண்டுக்குள் குஞ்சு மண்ணைக் கரம்புகிற மாதிரி, மெல்லியதாக, விட்டு விட்டு. தண்டில் காது வைத்துப் பழகினவள் நான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

அழுகிறது.

மாலை 4.10.

அறையின் காற்று முள் சிவப்புக் கோட்டில் இருக்கிறது. கதவுக்கு வெளியே, உருளையைப் பொருத்துகிற மூக்கு ஒன்று இருக்கிறது. தோட்டத்து உருளைகளைப் பொருத்தினேன். முள் ஏறியது. பனி வெட்டப் போனவர்கள் வரும்வரை தாங்குமா என்று கணக்குப் பார்த்தேன். தாங்காது.

வண்டியின் உருளையையும் கழற்றிப் பொருத்தினால் தாங்கும்.

வண்டியின் உருளை இல்லாமல் நான் தோட்டத்துக்குத் திரும்ப முடியாது. உடுப்பில் இருப்பது கொஞ்சம்தான். கதவைத் திறந்து நானும் உள்ளே போகலாமா என்று யோசித்தேன். பச்சைப் பிள்ளைக்கு உடுப்புக் கிடையாது. இந்தக் கதவு விரல் அகலம் திறந்தால் போதும். வாசற்படியில் பச்சைப் புழு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாலை 4.35.

பொருத்திவிட்டேன். முள் பச்சையில் நிற்கிறது.

அவளுக்குத் தெரியட்டும் என்று மூன்று தட்டினேன். அவளும் தட்டினாள். அப்புறம் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறாள், உள்ளே வா உள்ளே வா என்பது மாதிரி. நான் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். வேண்டாம் என்று அர்த்தம். புரிந்திருக்கும். படித்தவள்.

கண்ணாடியை வெளியே துடைத்தேன். ஈரம் உள்ளே இருக்கிறது, துடைத்து என்ன பிரயோசனம். ஒரு நிழல் வந்தது. கையில் ஏதோ பிடித்துக் காட்டுகிறாள். துணி மூட்டை. முகம் தெரியவில்லை. ஈரத்தில் எதுவும் தெரியவில்லை. அவள் துடைத்தால் உடனே மறுபடி மூடிக்கொள்கிறது.

சிவப்பு மண். பெண்ணாகத்தான் இருக்கும்.

மாலை 5.20.

கோமதிநாயகம், இது உமக்கு. நீர்தான் முதலில் வந்து இதை எடுப்பீர்.

கதவை உடைக்காதீர். மண்ணைச் சுரண்டாதீர். உம்முடைய கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் ஓரமாக வையும். முதலில் வடக்குச் சுவரில் மீதித் தையலை ஒட்டும். வீடு முழுக்கக் காற்றை நிரப்பும். எண் நூறுக்கு வந்து, ஆட வேண்டும். ஆடுகிறதா என்று பாரும். அப்புறம் மூன்று தட்டும். அவளே உள்ளேயிருந்து திறப்பாள். அதுவரை வெளியே நின்று காத்திரும்.

பம்பு கொண்டுவந்திருக்கலாம் என்றீர். ஒரு பம்பு இந்தக் கதவடியில் உட்கார்ந்திருக்குமா, சொல்லும்.

தோட்டத்தில் பூசணியைப் பறிக்க மறக்காதீர்கள். பழைய தண்டுகளை எரிக்காதீர்கள், உள்ளே குஞ்சு இருக்கும்.

மாலை 5.50.

தங்கபுஷ்பம். உன் குரல் எனக்கு ஆகாது என்று மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. படித்தாலும் பரவாயில்லை.

ஆணை வைத்துச் சொன்னது பொய்யாக இருந்தாலும் அது என்னோடு போகட்டும். உன்மேல் இல்லை.

பிள்ளைக்கு என் பேரை வைக்காதே. வைத்தால் வை.

உடுப்பில் ஏதோ கூவுகிறது. அணைத்துவிட்டேன். பெட்டியை அணைக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

மாலை 6.05.

சூரியன் அடைகிறது. இங்கே நீலமாக அடையும். எங்கள் ஊரில் அப்படி இல்லை.

ஆறு மணி ஆகியும் செய்தி வரவில்லை. நான்தானே நிறுத்தினேன். யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். குடியிருப்பு நலம். காற்று முழு அளவு.

தலைவலி. பக்கத்தில் ஒரு தேனீ எழுந்து நடந்தது. இல்லை. நடக்கவில்லை.

மாலை

தட்டுகிறாள். மூன்று. மறுபடி மூன்று. எந்தத் துளையை அடைத்தேன் எதைத் திறந்தேன். சுயம்பு சுவரோடு பேசுகிறான். லே சோறு கல்லாப் போச்சுலே. கரண்டி நிற்கிறது பார், கொடிக்கம்பம் மாதிரி

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. பால் கொடுக்கிறாள்

பச்சைச் சட்டைக்காரன் வந்து நிற்கிறான். குடிக்கவில்லை என்கிறான். நானும் குடிக்கவில்லை என்று சொல்லுங்கள்

எனக்குச் சிரிப்பு வருகிறது